தீபாவளி செலவு முடிவதற்குள் மழை... கையில் காசில்லாத மாதத்தில் வீட்டைத் தயார் செய்வது எப்படி?

வட இந்தியாவில் குளிர்காலம் என்றால் ஸ்வெட்டர், ஹீட்டர், கம்பளி. நம்ம ஊரில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வது மழை. வருடத்தின் கடைசி மூன்று மாதங்களைத்தான் இந்திய வானிலை ஆய்வு மையம் வடகிழக்குப் பருவமழைக் காலம் என்று கணக்கிடுகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி இந்த மூன்று மாதங்களில் பெய்கிறது. சென்னை போன்ற கடலோரப் பகுதிகளில் இந்தப் பங்கு சுமார் 60 சதவிகிதம்.

பிரச்னை மழையில் மட்டும் இல்லை, காலண்டரிலும் இருக்கிறது. தீபாவளி ஒவ்வொரு வருடமும் இந்த மூன்று மாதத்துக்குள்தான் வரும். 2023-ல் நவம்பர் 12 அன்று தீபாவளி. அடுத்த மூன்று வாரத்தில் மிக்ஜாம் புயல். 2024-ல் அக்டோபர் 31 அன்று தீபாவளி. சரியாக ஒரு மாதத்தில் ஃபெஞ்சல். டிரெஸ், ஸ்வீட், ஊருக்கு டிக்கெட், கூடவே 'நோ காஸ்ட் ஈஎம்ஐ' ஆஃபரில் வாங்கிய போன்... எல்லாம் முடிந்து அக்கவுன்ட் காலியாக இருக்கும் நேரம் பார்த்துத்தான் வாசலில் தண்ணீர் நிற்கிறது.

'மழைக்கு முன் செய்ய வேண்டிய 20 விஷயங்கள்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்களில் இன்வெர்ட்டர், வாட்டர் ப்ரூஃபிங், எமர்ஜென்சி லைட் என்று எல்லாம் இருக்கும். அதற்கான பட்ஜெட் மட்டும் இருக்காது. இந்தக் கட்டுரையில் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்ப்போம். குறைந்த காசு செலவழித்து, பெரிய நஷ்டத்தைத் தடுப்பது எது?

வெள்ளம் வந்தால் உண்மையில் எதை இழக்கிறோம்?

கடைசி நேரத்தில் எல்லோரும் ஓடுவது பால், பிரெட், மெழுகுவர்த்திக்கு. ஆனால், தண்ணீர் வடிந்த பிறகு மாதக்கணக்கில் நம்மை அழுத்துவது வேறு செலவுகள். தரைத்தளத்தில் இருந்த ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின். பார்க்கிங்கில் மூழ்கிய பைக். ஊறிப்போன மெத்தை. நனைந்த சான்றிதழ்கள். காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி செலவு. தினக்கூலிக்கும் டெலிவரி வேலைக்கும் போகிறவர்களுக்கு இதனுடன் நின்றுபோன வருமானமும் சேரும்.

அரசு நிவாரணம் வராதா என்றால், வரும். மிக்ஜாமுக்குப் பிறகு சென்னையிலும், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களின் பாதிக்கப்பட்ட பகுதிகளிலும் குடும்பத்துக்கு ரூ.6,000 ரேஷன் கடை வழியாக ரொக்கமாகக் கொடுக்கப்பட்டது. ஃபெஞ்சலுக்குப் பிறகு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் ரேஷன் அட்டைக்கு ரூ.2,000 அறிவிக்கப்பட்டது. அந்த நேரத்தில் இந்தப் பணம் பெரிய உதவிதான். ஆனால், ரூ.6,000-ல் ஒரு புது ஃப்ரிட்ஜ்கூட வாங்க முடியாது. நிவாரணம் அன்றாடச் செலவைச் சமாளிக்க உதவும். இழந்த பொருளைத் திருப்பித் தராது.

அதனால், இழப்பைக் குறைக்கும் வேலையை மழைக்கு முன்னாடியே நாம்தான் செய்தாகணும். அதில் முக்கியமான நான்குக்கு ஒரு பைசா செலவு இல்லை.

ஜீரோ ரூபாய் வேலை 1: ரேஷன் அட்டை எந்த முகவரியில் இருக்கு?

மதுரையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வந்து சென்னையில் வாடகைக்கு இருப்பவர்களில் பலருடைய பெயர் இன்னும் ஊரில் அப்பா, அம்மா அட்டையில்தான் இருக்கும். சாதாரண நாளில் இதனால் ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால், மேலே பார்த்த இரண்டு நிவாரணங்களும் ரேஷன் அட்டையை வைத்தே வழங்கப்பட்டன. 2023-ல் அட்டை இல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று அரசு வாய்ப்பு கொடுத்தது. ஆனால், வீட்டுக்குள் சேறு அள்ளிக்கொண்டிருக்கும்போது ஃபாரம் நிரப்பி வரிசையில் நிற்பது தனிக் கொடுமை.

திருமணமாகி, குழந்தையுடன் இங்கேயே செட்டில் ஆகிவிட்டீர்கள் என்றால், பொது விநியோகத் திட்ட இணையதளத்தில் முகவரி மாற்றத்துக்கோ புதிய அட்டைக்கோ இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். சில வாரங்கள் ஆகலாம் என்பதால் மழை தொடங்கிய பிறகு ஆரம்பித்தால் பலன் இருக்காது. பேச்சலராக ரூம் எடுத்து இருப்பவர்கள் குறைந்தபட்சம் வாடகை ஒப்பந்தத்தையாவது எழுத்தில் வைத்துக்கொள்ளணும். 'நான் இங்கேதான் குடியிருந்தேன்' என்று காட்ட ஒரு தாள் வேண்டும்.

ஜீரோ ரூபாய் வேலை 2: பைக் இன்ஷூரன்ஸை எடுத்துப் படியுங்கள்

பலருக்கும் தெரியாத சிக்கல் இது. 2018 செப்டம்பர் முதல் புது டூ வீலர் வாங்கும்போதே 5 வருடத்துக்கும், காருக்கு 3 வருடத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீடு எடுப்பது கட்டாயம். அதனால், 'நம்ம வண்டிக்கு இன்னும் மூணு வருஷம் இன்ஷூரன்ஸ் இருக்கு' என்ற நினைப்பில் இருப்போம். ஆனால், மூன்றாம் நபர் காப்பீடு என்பது உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு மட்டும்தான். வெள்ளத்தில் உங்கள் வண்டிக்கு ஏதாவது ஆனால் அதில் ஒரு ரூபாய்கூட வராது.

சொந்தச் சேதத்துக்கான காப்பீடு, அதாவது 'ஓன் டேமேஜ்', பெரும்பாலும் முதல் வருடத்துக்கு மட்டுமே இருக்கும். அதைத் தனியாகப் புதுப்பிக்கணும். நம்மில் பலர் காசு மிச்சம் என்று விட்டுவிடுவது இதைத்தான். பாலிசியைத் திறந்து, இரண்டுக்கும் தனித்தனியாகப் போட்டிருக்கும் கடைசித் தேதியைப் பாருங்கள். காலாவதி ஆகியிருந்தால், ஓன் டேமேஜ் பாலிசியை மட்டும் தனியாக வாங்கும் வசதி 2019 முதல் இருக்கிறது.

கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. முழுமையான பாலிசி இருந்தாலும், தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால், அதை 'அடுத்தடுத்து வந்த சேதம்' என்று சொல்லி க்ளெய்மை நிராகரிக்க வாய்ப்பு அதிகம். அதற்கு 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற ஆட்-ஆன் தேவை. வழக்கமாக பாலிசி எடுக்கும்போதோ புதுப்பிக்கும்போதோதான் இதைச் சேர்க்க முடியும். புயல் சின்னம் உருவான பிறகு போன் செய்தால் காலம் கடந்துவிடும்.

2024 அக்டோபரில் ரெட் அலர்ட் வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக கார்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்களே, ஞாபகம் இருக்கிறதா? மீம்ஸ் போட்டுச் சிரித்தோம். கணக்காகப் பார்த்தால், பாதிக்கப்பட்ட மக்கள் தாங்களாகவே கண்டுபிடித்த மிக மலிவான காப்பீடு அது.

வண்டி மூழ்கிவிட்டது என்றால் பைக்கோ, காரோ, ஒரே விதிதான்: ஸ்டார்ட் செய்யாதீர்கள். போட்டோ எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, தள்ளிக்கொண்டோ டோ செய்தோ மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

ஜீரோ ரூபாய் வேலை 3: ஹவுஸ் ஓனருக்கு ஒரு மெசேஜ்

மொட்டை மாடியில் தண்ணீர் போகும் குழாய் அடைப்பு, சீலிங் ஒழுகல், சம்ப் மூடி உடைசல், பழைய வயரிங்... இதையெல்லாம் சரிசெய்ய வேண்டியது யார்? தமிழ்நாட்டில் 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், பராமரிப்பு வேலைகளை வீட்டு உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் பிரித்தே கொடுத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதப்படாவிட்டால், கட்டட அமைப்பு சார்ந்த பழுது, குழாய் மாற்றுவது, வயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், வடிகால் சுத்தம் போன்ற சின்ன வேலைகள் நம்முடையவை.

சட்டத்தைக் காட்டிச் சண்டை போடச் சொல்லவில்லை. 'அங்கிள், போன வருஷம் இந்த மூலையில ஒழுகிச்சு, மழைக்கு முன்னாடி ஒருவாட்டி பார்த்துடலாமா?' என்று போட்டோவுடன் ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போதும். உரிமையாளரும் கட்டடம் கெடுவதை விரும்ப மாட்டார். அவர் வர முடியாவிட்டால், 'நான் செஞ்சுடறேன், பில் அனுப்புறேன், வாடகையில கழிச்சுக்கலாமா?' என்று கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்குங்கள். பேச்சோடு நின்றால், ஜனவரியில் அது அவருக்கு ஞாபகம் இருக்காது.

இதே மெசேஜில் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: மெயின் போர்டில் மின்கசிவைக் கண்டுபிடித்து உடனே கரன்ட்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா? பழைய வீடுகள் பலவற்றில் இருக்காது. இருந்தால் அதில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், கரன்ட் நிற்கணும். நிற்கவில்லை என்றால் அதை மாற்றியாகணும். மழைக்காலத்தில் உயிரைக் காப்பாற்றும் பொருள் இது.

ஜீரோ ரூபாய் வேலை 4: தாள்கள்

ஆதார், பாஸ்போர்ட், டிகிரி சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், இன்ஷூரன்ஸ், ஆஸ்பத்திரி ஃபைல் எல்லாவற்றையும் ஒரு மாலை உட்கார்ந்து ஸ்கேன் செய்துவிடுங்கள். டிஜிலாக்கரில் கிடைப்பவற்றை அங்கே சேருங்கள். ஒரிஜினல்களை ஜிப் கவரில் போட்டு, பீரோவின் மேல் தட்டுக்கு மாற்றுங்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு நனைந்த சான்றிதழ்களுக்கு நகல் வழங்க அரசே சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது.

கூடவே வீட்டில் இருக்கும் டிவி, ஃப்ரிட்ஜ், லேப்டாப்பை ஒரு நிமிட வீடியோ எடுத்து, கிளவுடில் போட்டுவையுங்கள். பின்னாளில் க்ளெய்ம் செய்ய வேண்டி வந்தால் அதுதான் ஆதாரம். சொந்த வீடு இல்லாதவர்களும் வீட்டுப் பொருள்களுக்கு மட்டும் காப்பீடு எடுக்கலாம். 2021 முதல் எல்லா பொதுக்காப்பீட்டு நிறுவனங்களும் தர வேண்டிய 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில் புயல், வெள்ளம் இரண்டும் அடங்கும். தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள் ஒருமுறை பிரீமியம் எவ்வளவு என்று கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

சரி, இப்போ காசு: மூவாயிரம் ரூபாயை எப்படிப் பிரிப்பது?

ஒரே மாதத்தில் மூவாயிரம் எடுத்துவைப்பது கஷ்டம்தான். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் என்று மூன்று சம்பளத்தில் ஆயிரம் ஆயிரமாக எடுத்துவைத்தால் வலி தெரியாது. இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு ஒரு மாதிரிக் கணக்கு இது. உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருப்பதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ரூ.1,200 - சார்ஜும் வெளிச்சமும்: ஒரு பவர் பேங்க், ஒரு டார்ச். கரன்ட் போனால் முதலில் தவிப்பது போனுக்குத்தான். ஏற்கெனவே பவர் பேங்க் இருந்தால் இந்தப் பணத்தை அப்படியே சேமிப்பில் போடலாம். மெழுகுவர்த்தியைவிட டார்ச் நல்லது. தீ பயம் இல்லை.

ரூ.1,000 - மூன்று நாள் சாப்பாடும் தண்ணீரும்: அவல், ரவை, பால் பவுடர், பருப்பு, நிலக்கடலை, பிஸ்கட். 'ஸ்டாக்' என்று தனியாக வாங்க வேண்டாம். வழக்கமாக வாங்கும் மளிகையில் இந்த மூன்று மாதங்களுக்கு மட்டும் ஒரு பாக்கெட் கூடுதலாக வாங்கி, பழையதை முதலில் எடுத்துப் பயன்படுத்துங்கள். எதுவும் வீணாகாது. மழை வந்தால் தக்காளி, வெங்காயம் விலை ஏறுவது ஒவ்வொரு வருடமும் நடக்கிற கதை. அந்த வாரத்துக்குப் புளி, பருப்புப் பொடி கைகொடுக்கும். ஒரு தண்ணீர் கேன் எப்போதும் கூடுதலாக நிரம்பியிருக்கட்டும்.

ரூ.500 - வீட்டுக்கு: ஜன்னல் ஓரத்துக்கு சீலன்ட், ஒழுகும் இடத்துக்கு பிளாஸ்டிக் ஷீட், ஃப்ரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் உயர்த்திவைக்க ஸ்டாண்ட் அல்லது செங்கல். தரைத்தளம் என்றால் வாசலில் அடுக்க நாலைந்து மணல் மூட்டை. பழைய அரிசிப் பைகளே போதும்.

ரூ.300 - மருந்து: ஓஆர்எஸ் பாக்கெட், பாராசிட்டமால், காயத்துக்கான மருந்து, கொசுவிரட்டி. சுகர், பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள் வீட்டில் இருந்தால், எப்போதும் பத்து நாளுக்கானது கூடுதலாக இருக்கணும். இது எப்படியும் வாங்கப்போகும் மாத்திரைதான், கொஞ்சம் முன்கூட்டி வாங்குகிறோம், அவ்வளவுதான்.

மொத்தம் ரூ.3,000. இதைத் தவிர ரூ.1,000 ரொக்கமாக, நூறும் ஐம்பதுமாக, வீட்டில் தனியாக இருக்கட்டும். அது செலவு இல்லை, ஜனவரியில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மிக்ஜாம் நேரத்தில் பல பகுதிகளில் கரன்ட்டும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. க்யூஆர் கோடு சுவரில் ஒட்டியிருந்தது. ஸ்கேன் செய்ய வழியில்லை. அன்று பால் வாங்கியது பர்ஸில் பத்து ரூபாய் நோட்டு வைத்திருந்தவர்கள்தான்.

எதற்குச் செலவழிக்க வேண்டாம்?

இன்வெர்ட்டர் நல்லதுதான். ஆனால், ஈஎம்ஐ போட்டு அதை வாங்கும் அளவுக்கு நெருக்கடி என்றால் இந்த வருடம் தள்ளிப்போடுங்கள். தரைத்தளத்தில் தண்ணீர் வந்தால் முதலில் நனைவது அந்த பேட்டரியாகவும் இருக்கலாம். மாடி முழுக்க வாட்டர் ப்ரூஃபிங் செய்வது வாடகைதாரர் வேலை இல்லை. அலர்ட் வந்த அன்று சூப்பர் மார்க்கெட்டில் ட்ராலி நிறைய அள்ளுவதும் வேண்டாம். அன்று ஃப்ரிட்ஜில் அடைக்கும் பால், தயிர், காய்கறியெல்லாம் கரன்ட் போன மறுநாளே கெட்டுப்போகும்.

மஞ்சள், ஆரஞ்சு, ரெட்... எப்போது என்ன செய்வது?

அலர்ட் நிறம் என்பது எவ்வளவு தயாராக இருக்க வேண்டும் என்பதற்கான அடையாளம். மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள், ரெட் என்றால் உடனே செயல்படுங்கள். 24 மணி நேரத்தில் சுமார் 6.5 செ.மீ.க்கு மேல் பெய்தால் கனமழை, 11.5 செ.மீ.க்கு மேல் மிகக் கனமழை, 20 செ.மீ.யைத் தாண்டினால் அதி கனமழை. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. அதி கனமழைக்கான எல்லையைப்போல நான்கு மடங்குக்கும் மேல்!

வீட்டுக்கான எளிய விதி இதுதான். மஞ்சள் வந்தால் போன், பவர் பேங்க் முழு சார்ஜ். ஆரஞ்சு வந்தால் வண்டியை மேட்டுப் பகுதிக்கு மாற்றி, மேல் தொட்டியை நிரப்பி, தரையில் இருக்கும் பொருள்களைக் கட்டில் மேல் ஏற்றுங்கள். ரெட் வந்து, தாழ்வான பகுதியில் தரைத்தளத்தில் இருந்தால், மாடி வீட்டுக்கோ உறவினர் வீட்டுக்கோ முன்கூட்டியே போய்விடுங்கள். 'இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம்' என்று காத்திருந்து, இடுப்பளவு தண்ணீரில் இறங்குவதுதான் ஆபத்து.

தண்ணீர் பிளக் பாயின்ட்டை நெருங்குவதற்குள் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். ஈரக் காலோடு போர்டைத் தொடவே கூடாது.

தண்ணீர் வடிந்த பிறகு

சம்புக்குள் வெள்ளநீர் போயிருந்தால், முழுக்க இறைத்துச் சுத்தம் செய்து, ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவும்வரை அந்தத் தண்ணீரைச் சமையலுக்குத் தொடாதீர்கள். குடிக்கும் தண்ணீர் நன்றாகத் தளதளவென்று கொதிக்கணும்; லேசாகச் சூடானால் போதாது. வெள்ளநீரில் நடந்த பிறகு காய்ச்சல் வந்தால், நீரில் நடந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலைக் கண்டுபிடிக்க அந்த ஒரு தகவல் உதவும். டெங்கு கொசு வளர்வது சாக்கடையில் இல்லை, தேங்கிய நல்ல தண்ணீரில். பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், ஃப்ரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டு ஆகியவற்றை வாரம் ஒருமுறை கவிழ்த்துவிடுங்கள்.

குடும்பம் மட்டும் தயாரானால் போதுமா?

போதாது. இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையே தப்பாகிவிடும். மூவாயிரம் ரூபாயில் மழைநீர் வடிகால் கட்ட முடியாது. ஏரியையும் சதுப்பு நிலத்தையும் நிரப்பி வீடு கட்ட அனுமதி கொடுத்தது வாடகைதாரர் இல்லை. சென்னை வெள்ளத்தைத் தடுக்க ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி திருப்புகழ் தலைமையில் 2021-ல் அரசு குழு அமைத்தது. 2023-ல் குழு இறுதி அறிக்கையும் கொடுத்துவிட்டது. பரிந்துரைகளில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று கேட்பதும் மழைக்கால முன்னேற்பாடுதான்.

உங்கள் தெருவில் வடிகால் அடைத்திருக்கிறதா? மழைக்கு முன்பே போட்டோவுடன் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். ஒரே தெருவிலிருந்து பத்து பேர் புகார் கொடுத்தால் அதற்குத் தனி பலம் உண்டு. அந்தப் பத்து பேரும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் இருந்தால், வெள்ளம் வரும் இரவில் எந்த வீட்டில் வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள், யார் வீட்டு மாடியில் இடம் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். இதற்கும் செலவு இல்லை.

இந்த எண்களை இப்போதே சேமித்துக்கொள்ளுங்கள்

மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையம்: 1070
மாவட்டக் கட்டுப்பாட்டு மையம்: 1077
சென்னை மாநகராட்சி: 1913
மின்சாரப் புகார், மின்னகம்: 94987 94987
ஆம்புலன்ஸ்: 108

போனில் மட்டும் இல்லை, ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவிலும் ஒட்டிவையுங்கள். சார்ஜ் தீர்ந்துபோன போனில் எந்த எண்ணும் தெரியாது.